பேரு இருக்கு, ஆளு இல்ல

எங்கள் வீட்டில் மூன்று புத்தகங்கள்தான் இருந்தன. பஞ்சாங்கம், அம்மாவின் கந்த சஷ்டி கவசம், அப்பாவின் டைரக்டரி. முதல் இரண்டும் சாமி அலமாரியில் இருக்கும். டைரக்டரி ஃபோனுக்குக் கீழே ஸ்டூலில் கிடக்கும். செங்கல் கனம், மஞ்சள் தாள். திருப்பூரின் பனியன் தொழில் மொத்தமும் அதில் வகை பிரித்து அடுக்கியிருக்கும். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி. ஒவ்வொரு தலைப்பின் கீழும் பெயர், தெரு, ஃபோன் நம்பர்.

நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆங்கிலப் புத்தகம் அதுதான். சாமி பெயர்களும் பிள்ளைகளின் பெயர்களும் வரிசையாக வரும். பின்னாலேயே ‘நிட்வேர்ஸ்’, ‘ஃபேஷன்ஸ்’, ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்று ஒரு வால் இருக்கும். எங்கள் பெயர் எங்கே என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். “நம்ம பேரெல்லாம் இதுல போட மாட்டாங்க அம்மிணி. இது வேலை குடுக்கறவங்க புஸ்தகம்” என்றார்.

அப்பா பன்னிரண்டு பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தவர். பெரிய கம்பெனியில் கட்டிங் முடித்துத் துணியைக் கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். தைத்து, பிசிறு வெட்டி, எண்ணி, டிசி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். அதற்குள் கம்பெனியிலிருந்து பணம் வந்தாக வேண்டும். வராத சனிக்கிழமைகளில் அம்மாவின் வளையல் எந்தக் கடைக்குப் போகும் என்பது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும்.

திங்கட்கிழமை காலையில் அப்பா டைரக்டரியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். “ஏனுங், வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா? பன்னெண்டு மிசின் சும்மா நிக்குதுங்.” அந்தப் பக்கம் என்ன சொன்னாலும் “சரிங்க, சரிங்க” என்பார். வைத்ததும் காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுவார். டிக் என்றால் சனிக்கிழமை பணம் வந்துவிடும். வட்டம் என்றால் வரும், ஆனால் மூன்று நடை நடக்க வேண்டும். ‘மே’ என்றால் முதலாளியைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, மேனேஜரைப் பார்க்க வேண்டும். பெருக்கல் குறி என்றால் எவ்வளவு கூலி சொன்னாலும் போகக்கூடாது.

ஒரு பெயருக்குப் பக்கத்தில் போட்ட பெருக்கல் குறி தாளையே கிழித்திருந்தது. அந்தக் கம்பெனி அப்பாவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்தது. பீஸில் கறை, அளவு தப்பு என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொன்னது. கடைசியில் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டது. அதே சமயத்தில்தான் 2011 ஜனவரி வந்தது. நொய்யலில் கழிவு கலப்பதை நிறுத்தும் வரை சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் ஏறாத துணி கட்டிங்குக்கு வரவில்லை. கட்டிங் இல்லாமல் எங்கள் மிசின்களும் நின்றன. ஆற்றுக்கு அந்த உத்தரவு தேவைப்பட்டதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பாவின் பன்னிரண்டு மிசின்களில் ஒன்பது அந்த வருடம் விற்றுப்போயின என்பதும் நடந்ததுதான். டைரக்டரி மட்டும் ஸ்டூலிலேயே கிடந்தது.

*

நான் இப்போது ஒரு பையிங் ஆபீஸில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையருக்கும் இங்கே தைக்கிற கம்பெனிக்கும் நடுவில் மெயில் அனுப்பிக்கொண்டே இருப்பது என் தொழில்.

நாங்கள் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டுக் காம்பவுண்டு. ஒரே வரிசையில் பதினாறு ஒற்றை அறைகள், கடைசியில் பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. தேனி, மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் முன்பு அதிகம். இப்போது ஒடிசா, பீகார். அப்பாவும் அம்மாவும் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்கு மேல்தான் வருவார்கள். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுவரும் பிள்ளைகளுக்கு அந்த நாலரை மணி நேரம் யாரும் கிடையாது. ரிட்டையரான ஒரு டீச்சரம்மா அந்தக் காம்பவுண்டின் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் அவர்களை உட்கார வைத்து ஏழெட்டு வருடமாகப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தார். பெயர்ப் பலகை இல்லை, ரசீது புத்தகம் இல்லை. முப்பத்து நான்கு பிள்ளைகள், இரண்டு கரும்பலகைகள், ஒரு பெரிய குண்டா நிறைய சுண்டல். அவ்வளவுதான்.

2023இல் காம்பவுண்டுக்காரப் பெரியவர் இறந்தார். மாடியை வாடகைக்கு விட்டால் செக்கிங் வைக்க ஆள் வருகிறது என்று மகன் கணக்குப் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மாதம் ஏழாயிரம் கொடுத்தால் டீச்சரம்மாவுக்கே விடுவதாகச் சொன்னார். அதோடு, இந்தி தெரிந்த ஒரு பெண்ணுக்குச் சம்பளம் ஆறாயிரம், சுண்டல் செலவு மூவாயிரத்து ஐந்நூறு. வருடத்துக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். ஷிப்மென்ட் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பினால், எங்கள் தொழிலில் இதைவிட அதிகமான பணம் ஒரே ராத்திரியில் போகும்.

“நீ இங்கிலீஷ் படிச்சவ. குடுக்கறவங்க இருக்காங்களாம் கண்ணு, எங்கயோ லிஸ்ட்டெல்லாம் இருக்குதாம். தேடிப் பாரேன்” என்றார் டீச்சரம்மா.

லிஸ்ட் தேடுவதுதானே என் வேலை? ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

*

லிஸ்ட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. முதலில் ஒரு வலைத்தளத்தில் 499 ரூபாய் கட்டி, ‘நன்கொடை நிறுவனங்களின் முழுமையான பட்டியல்’ என்ற பிடிஎஃப் வாங்கினேன். அடுத்து நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பண். தொண்டு நிறுவனங்கள் தங்களைத் தாங்களே பதிவுசெய்து ஓர் அடையாள எண் வாங்கிக்கொள்ளும் இடம் அது. பிறகு, வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி பெற்ற அமைப்புகளின் பட்டியலை உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் பார்த்தேன். கடைசியாக தேசிய சிஎஸ்ஆர் தளம். எந்த நிறுவனம் எந்த மாநிலத்தில் எந்தக் காரியத்துக்கு எவ்வளவு செலவழித்தது என்று அதில் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் எக்செல்லில் கொட்டினேன். 212 வரிசை. எனக்கே பெருமையாக இருந்தது. பத்து ராத்திரி உட்கார்ந்து 64 மெயில் அனுப்பினேன். பத்தொன்பது, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தன. பதில் வந்தது மூன்று. மற்றவை எங்கே போயின என்று தெரியாது.

நான் செய்த தப்பு எனக்குப் புரிய நான்கு மாதம் ஆனது. டைரக்டரியை நான் விலைப்பட்டியல் மாதிரி பார்த்தேன். பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, கூப்பிட்டால் கிடைத்துவிடும் என்று. அதை ஒரு சாட்சியைப் போல நிறுத்திக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். இதை யார் எழுதியது? எப்போது எழுதியது? எதை விட்டுவிட்டு எழுதியது?

499 ரூபாய் பிடிஎஃப்பை அப்படிக் கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். அதில் திருப்பூர் என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. கோயம்புத்தூர் மாவட்டத்தின் கீழே அவிநாசியும் பல்லடமும் உடுமலையும் இருந்தன. ஈரோட்டின் கீழே காங்கேயமும் தாராபுரமும் இருந்தன. திருப்பூர் மாவட்டம் 2009இல் உருவானது. அப்படியானால் அந்தப் பட்டியல் அதற்கும் முன்னால் யாரோ அச்சிட்டது. அதைத் தட்டச்சு செய்து புது அட்டை போட்டு விற்றிருக்கிறார்கள். கேட்டு மெயில் போட்டேன். அந்த முகவரியும் வேலை செய்யவில்லை.

தர்பணை அப்படிக் கேட்டால், அதில் இருக்கும் விவரம் அந்தந்த அமைப்பே உள்ளிட்டது என்பது தெரியும். பெயர் இருப்பது அமைப்பு பதிவாகியிருப்பதைக் காட்டும். கொட்டகையில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அது சொல்லாது. அதோடு அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே பணம் தேடுகிறவர்கள். பசித்தவன் பசித்தவனிடமே இலை கேட்ட கதைதான்.

சிஎஸ்ஆர் தளம்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம், இதில் ஏதாவது ஒன்று இருக்கிற கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டும். தங்கள் தொழில் நடக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதைப் படித்தபோது, திருப்பூரில் இல்லாத கம்பெனியா என்று துள்ளினேன்.

பிறகுதான் கவனித்தேன். சட்டம் சொல்வது கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனியை. நம் ஊரில் ‘கம்பெனி’ என்பது வேறு. “எந்தக் கம்பெனிக்குப் போற?” என்று கேட்டால் அது பத்து மிசின் போட்ட ஷெட்டாகவும் இருக்கலாம். நான் மெயில் போக்குவரத்து வைத்திருக்கும் ஏற்றுமதியாளர்களில் பாதிக்கு மேல் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப், இல்லையென்றால் ஒற்றை முதலாளி. 135ஆம் பிரிவு இவர்களைத் தொடாது. இவர்கள் கொடுத்தாலும் அந்தத் தளத்தில் பெயர் வராது. தளத்தில் பெயர் இல்லாததால் திருப்பூரில் யாரும் கொடுப்பதில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டிருந்தேன்.

பதில் போட்ட மூவரில் ஒருவர் இப்படிப்பட்ட பதிவான கம்பெனி. மரியாதையான பதில். உங்கள் அறக்கட்டளையின் 12ஏ, 80ஜி சான்றுகள், சிஎஸ்ஆர்-1 பதிவு எண், மூன்று வருட வேலை விவரம் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் கேட்டது விதிப்படி சரி. 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 எண் இல்லாத அமைப்பு வழியாக அந்தப் பணத்தைச் செலவழிக்க முடியாது. டீச்சரம்மாவிடம் ஏழெட்டு வருட வேலை இருந்தது, ஒரு தாள்கூட இல்லை.

*

இரண்டாவது பதில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. அது வெளிநாட்டு ஆடை விற்பனையோடு தொடர்புள்ள ஓர் அறக்கட்டளை. இரண்டு கேள்வி கேட்டிருந்தார்கள். ஒன்று, வெளிநாட்டு நன்கொடை அனுமதி இருக்கிறதா? அது நடக்காத காரியம். குறைந்தது மூன்று வருடம் பதிவில் இருந்து 15 லட்சமாவது செலவழித்த அமைப்புக்குத்தான் அந்தப் பதிவு கிடைக்கும். முன்பெல்லாம் அனுமதி உள்ள பெரிய அமைப்பு வாங்கி, சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பர் திருத்தத்தோடு அந்த வழியும் அடைபட்டது.

இரண்டாவது கேள்வி: இந்தக் குழந்தைகளின் பெற்றோர் எந்தெந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள்? ஓப்பன் சப்ளை ஹப் எண்ணோடு அனுப்ப முடியுமா?

அந்த எண் எனக்குப் பழக்கமானது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சவாரில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள் அந்தக் கட்டடத்தில் இருந்தன. அங்கே யாருக்காகத் தைத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள இடிபாடுகளுக்குள் கிடந்த லேபிள்களைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. எந்த பிராண்டு எங்கே தைக்கிறது என்பதற்கு ஊரறிந்த பட்டியல் இல்லை. அதன் பிறகு எழுந்த அழுத்தத்தில் பல பிராண்டுகள் தங்கள் தொழிற்சாலைப் பட்டியலை வெளியிட ஆரம்பித்தன. அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஓர் எண் கொடுத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடுகிற டைரக்டரியை 2019இல் ஓப்பன் அப்பேரல் ரெஜிஸ்ட்ரி என்று தொடங்கினார்கள். அதுதான் 2022இல் ஓப்பன் சப்ளை ஹப் ஆனது. ஆபீஸில் எத்தனையோ படிவங்களில் அந்த எண்ணை நிரப்பியிருக்கிறேன். செத்தவர்களின் மேல் கட்டிய டைரக்டரி அது என்று அப்போதெல்லாம் யோசித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மாவும் நானும் நோட்டோடு காம்பவுண்டில் வீடு வீடாகப் போனோம். எங்கே வேலை என்று கேட்டோம். “பெரிய ரோட்டுக்கு அந்தாண்ட, பச்சை கேட்டு.” “ரேஷன் கடைக்கு மேல் மாடி.” “போன வாரம் ஒரு எடம், இந்த வாரம் கான்ட்ராக்டர் வேற எடம் கூட்டிட்டுப் போறார்.” இருபத்தேழு பெரியவர்களில் ஐந்து பேர் வேலை செய்த கம்பெனிக்குத்தான் அந்தத் தளத்தில் எண் இருந்தது. மற்றவர்கள் தைப்பதும் அதே பனியன்தான், போவதும் அதே கப்பலில்தான். நடுவில் அவர்கள் உட்காரும் இடம் என் அப்பாவின் ஷெட் மாதிரி ஒரு ஜாப் ஒர்க் ஷெட். பெரிய புத்தகத்தில் அதன் பெயரைப் போட மாட்டார்கள்.

இருந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். பிறகு பதில் இல்லை.

*

இதற்குள் கொட்டகை மூடி நான்கு மாதமாகியிருந்தது. செக்கிங் டேபிள்கள் வந்து இறங்கிவிட்டன. டீச்சரம்மா தன் வீட்டு வாசலில் பத்துப் பிள்ளைகளை வைத்துச் சமாளித்தார். மீதிப் பேர் தெருவில். ஒடிசாக்காரப் பிள்ளை ஒருத்தி, பதின்மூன்று வயது, தமிழில் எழுதிய முதல் கடிதத்தை எனக்குத்தான் கொடுத்தாள். அதில் ‘அக்கா உங்கள் செருப்பு அழகு’ என்று ஒரே ஒரு வரி. அவள் வருவதை நிறுத்திவிட்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்றார்கள். பிறகு குடும்பமே காலி செய்து போய்விட்டது. ஊருக்கா, வேறு காம்பவுண்டுக்கா, யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் அறைக்கு வேறொரு குடும்பம் வந்தது. நான் அப்போது எக்செல்லில் கலர் பிரித்துக்கொண்டிருந்தேன். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

அந்த ராத்திரி அப்பா என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். “என்னது அம்மிணி இத்தனை செவப்பு?”

சொன்னேன். கேட்டுவிட்டு, “இதுல பேரு இருக்கு, ஆளு இல்ல” என்றார். எழுந்துபோய்ப் பழைய டைரக்டரியை எடுத்துவந்தார். பத்துப் பன்னிரண்டு வருடத் தூசி. “இந்தப் புஸ்தகம் எல்லார்த்துக்கிட்டயும் இருந்துச்சு. ஆனா இந்தக் குறி என்றகிட்ட மட்டுந்தான் இருந்துச்சு. அதுலதான் பொழச்சோம்.”

உலகின் முதல் டெலிஃபோன் டைரக்டரி 1878 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவனில் வந்தது. ஒரே ஒரு தாள், சுமார் ஐம்பது பெயர். அதில் எண்களே கிடையாது. பெயரைச் சொன்னால் எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் இணைத்துக் கொடுப்பார். தாள் பாதி, ஆள் பாதி. பின்னால் எண்கள் வந்து ஆள் போய்விட்டார். ஆனால் பணம் கேட்கிற காரியத்தில் இன்னும் அந்த ஆள் தேவைப்படுகிறார் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவிலேயே இன்னொரு கதையும் உண்டு. 1950களில், அறக்கட்டளைகள் பணத்தை எங்கே கொடுக்கின்றன என்று அங்கே நாடாளுமன்றக் குழுக்கள் குடைந்து கேட்டன. அறக்கட்டளைகளின் சட்டைப்பை கண்ணாடியால் ஆனதாக இருக்க வேண்டும் என்று கார்னகி நிறுவனத்தின் தலைவர் ஒருவரே அங்கே சொன்னார். அதைத் தொடர்ந்து 1956இல் நியூயார்க்கில் ஒரு நூலகம் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய், எந்த அறக்கட்டளை யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று பார்க்கலாம். 1960இல் அதையே புத்தகமாகப் போட்டார்கள். நிதி தேடுகிறவர்களின் டைரக்டரி என்றால் இன்றும் அதைத்தான் சொல்வார்கள். அதன் பலம் முகவரியில் இல்லை. ‘முன்பு யாருக்குக் கொடுத்தார்கள்’ என்ற வரியில் இருக்கிறது. கொடுப்பவர் என்ன சொல்லிக்கொள்கிறார் என்பதைவிட, எதற்குக் கொடுத்திருக்கிறார் என்பதுதான் தேடுகிறவருக்கு உதவும்.

இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “இதுக்கு நியூயார்க் போகோணுமா? கோயலுக்குப் போயி அண்ணாந்து பாரு.”

*

டியூப் லைட்டில் வெளிச்சத்தைவிட எழுத்து பெரிதாக இருப்பதை எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். உபயம்: இன்னார், இன்ன நிட்டிங். ஃபேனின் இறக்கையில் உபயம், குடிநீர்த் தொட்டியில் உபயம், திருப்பணிக் கல்வெட்டில் நூறு பெயர், தொகையோடு. அடுத்த இரண்டு வாரம் நானும் அப்பாவும் அவருடைய டிவிஎஸ் எக்ஸெல்லில் சுற்றினோம். கோயில், மசூதி, சர்ச், அரசுப் பள்ளிகள், நூலகம், சுடுகாடு. சுடுகாட்டுக் காத்திருப்புக் கூடத்தின் பெஞ்சில்கூட ஒரு பனியன் கம்பெனியின் பெயர் இருந்தது. அரசுப் பள்ளிகளில் நின்று நின்று எழுதினோம். வகுப்பறை கட்டிக் கொடுத்தவர், பெஞ்சு கொடுத்தவர், கழிப்பறைக்குக் கதவு போட்டுக் கொடுத்தவர்.

ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் ‘நமக்கு நாமே’ பற்றிச் சொன்னார். 1997இல் அரசு ஆரம்பித்த திட்டம் அது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பொதுச் சொத்தாகக் கட்டுகிற காரியத்துக்கு அது சரி. எங்கள் வாடகைக்கும் சுண்டலுக்கும் பொருந்தாது. ஆனால் அந்தத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை யார் போட்டார்கள் என்று அவர் விரல்விட்டுச் சொன்னார். அது எந்தத் தளத்திலும் எனக்குக் கிடைக்காத பட்டியல்.

கோயிலுக்கு மட்டும் கொடுப்பவர்களை அப்பா தனியாக வைத்தார். “அவுங்க சாமிக்குக் குடுக்கறாங்க, அது வேற கணக்கு.” பள்ளிக்குக் கொடுத்தவர்களில், கல்வெட்டும் விழாவும் இல்லாமல் ஃபேனோ கதவோ கொடுத்தவர்களுக்கு டிக். மொத்தம் பதினொரு பெயர் தேறியது. உபயத்தில் பெயர் இருந்தது, முகவரி இல்லை. முகவரிக்கு மறுபடியும் டைரக்டரியையே திறந்தோம். பழையதில் இருந்து புதிது, புதிதில் இல்லாவிட்டால் ஜிஎஸ்டி எண் தேடும் தளம். நான்கு மாதம் நான் வசைபாடிய பட்டியல்கள் இப்போது வேலை செய்தன. யாரைத் தேடுகிறோம் என்று தெரிந்து போனால் டைரக்டரி மாதிரி உதவுவது வேறில்லை. தெரியாமல் போனால் அது வெறும் எடைக்குப் போடுகிற தாள்.

பதினொன்றில் ஆறு பேர் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவதாகப் போனது காங்கேயம் ரோட்டுப் பக்கம் ஒரு நடுத்தர நிட்டிங். முதலாளிக்கு அறுபது இருக்கும், சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் பிரிண்ட் போட்டு வைத்திருந்த எட்டுப் பக்கப் புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவே இல்லை.

“எந்தக் காம்பவுண்டுங் அது?”

சொன்னேன்.

“கொழாய் கடைசியில இருக்குமே, அதுங்களா?” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய அப்பா கை மடிக்கிற வேலைக்கு வந்தபோது அந்த லைனில்தான் ஐந்து வருடம் இருந்தார்களாம். “ஒரு வருச வாடகை நாந் தர்றேன். சுண்டலுக்கு வேற ஆள் பாருங். பேரு கீரு எதுலயும் எழுதாதீங்க. எழுதுனா நாளைக்கே நாப்பது பேரு வருவாங்.”

இந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

*

பழைய மாடி கிடைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கார் ஷெட் கிடைத்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். முப்பத்து நான்கு என்பது திரும்பவில்லை. செருப்பு அழகு என்று எழுதியவளும் திரும்பவில்லை. ஒழுங்காகத் தேடியிருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். இதை எந்தச் சமாதானமும் இல்லாமல் எழுதிவைக்கிறேன். தெரியாமல் தேடியதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, அவள்தான் கொடுத்தாள்.

டீச்சரம்மாவைக் கெஞ்சி இப்போது ஓர் அறக்கட்டளை பதிவு செய்திருக்கிறோம். “பாடம் சொல்லிக் குடுக்க எதுக்குக் கண்ணு ரிஜிஸ்டர் ஆபீசு?” என்று ஆறு மாதம் கேட்டார். அவர் கேள்வி நியாயமானது. ஆனால் உபயம் கொடுக்கிறவருக்கும் வயதாகிறது. நல்ல மனது ஒரு வருட வாடகை கொடுக்கும். ஐந்து வருடத்துக்குத் தாள் வேண்டும். பட்டியலில் இல்லாததால் வரும் கஷ்டத்தை அப்பா ஒரு ஆயுள் முழுக்கப் பட்டார். தர்பணில் எங்கள் பெயரும் இப்போது இருக்கிறது. இன்னும் எக்செல் தட்டுகிற யாரோ ஒருத்தி எங்களுக்கும் மெயில் அனுப்பக்கூடும். அனுப்பினால் பதில் போட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன், இல்லை என்றாவது.

எக்செல்லை அழிக்கவில்லை. அதில் மூன்று பத்தி கூட்டினேன். கடைசியாகச் சரிபார்த்த தேதி, இதற்கு முன் எதற்குக் கொடுத்தார்கள், யாரைப் பார்க்க வேண்டும். 212 வரிசை 38 ஆகச் சுருங்கியது. சிவப்பும் பச்சையும் எடுத்துவிட்டு அப்பாவின் குறிகளையே போட்டேன். டிக், வட்டம், ‘மே’, பெருக்கல்.

போன மாதம் காங்கேயத்திலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தார். காதுகேளாத பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வகுப்பு நடத்துகிறாராம், ஷெட்டுக்கு ஃபேன் வேண்டும். “உங்ககிட்ட ஏதோ லிஸ்ட் இருக்குதாமே, அனுப்பி வைங்க” என்றார்.

அனுப்பியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. “லிஸ்ட் அப்புறம் அனுப்பறேங்க்கா, முதல்ல ரெண்டு பேரு சொல்றேன், எழுதிக்குங்க” என்றேன். “ரெண்டாவது ஆளு நல்ல மனுசர். ஆனா சனிக்கெழம மட்டும் போயிராதீங்க. அன்னிக்குச் சம்பள நாள், யாரு போனாலும் பாக்கி கேக்க வந்தவங்கன்னு நெனச்சுக்குவார்.”

அந்தப் பக்கம் பென்சில் தேடும் சத்தம் கேட்டது.